நீல விளக்கு வாங்குவதற்கு முன்: நியூயார்க் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவசர அழைப்பைச் சொல்லும் பேஜர் அலறியதும் தட்டில் கை கழுவிவிட்டுச் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு தீயணைப்பு நிலையமான ஃபயர் ஹவுஸுக்கு விரைபவர்கள். அந்தக் காரில் ஒரு பளிச்சிடும் விளக்கை வைத்துக்கொள்ளப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் நிறம், எண்ணிக்கை, அந்த விளக்கால் கிடைக்கும் உரிமை எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே நியூயார்க்கை நடுவில் வைத்துச் சொல்கிறோம். அக்கம்பக்கத்து மாநிலங்களைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் நீல விளக்கு, "கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று கேட்கிறது, அவ்வளவுதான். வழி விடச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. கீழே வரும் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிக்கிக்கொள்வதும் பெரும்பாலும் இதை மறந்துதான்.

சட்டத்தில் இருப்பது

நியூயார்க் வாகன, போக்குவரத்துச் சட்டத்தின் 375-ஆவது பிரிவு, 41-ஆம் உட்பிரிவுதான் வண்ண விளக்குகளைப் பற்றிப் பேசுகிறது. தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கு நீலம், தன்னார்வ ஆம்புலன்ஸ் உறுப்பினருக்குப் பச்சை. சிவப்பு, அங்கீகரிக்கப்பட்ட அவசர வாகனங்களுக்கு உரியது. பளிச்சிடும் வெள்ளையும் அவற்றுக்கே. சைரனும் அப்படித்தான், நீல விளக்கு வைத்த சொந்தக் காரில் சைரன் மாட்ட இடமில்லை. தீயணைப்புத் துறையின் தலைவரான சீஃபும் உதவி சீஃபும் வழக்கமாக ஓட்டும் வண்டி மட்டும் விதிவிலக்கு: அது சட்டத்தின் பார்வையில் தீயணைப்பு வாகனமாகக் கணக்காவதால் சிவப்பும் சைரனும் வைக்கலாம்.

சட்டம் சொல்வது "ஒரு" நீல விளக்கு. டாஷில் ஒன்று, கிரில்லில் ஒன்று, பின்கண்ணாடியில் ஒன்று என்று அடுக்கினால் அது மூன்று. இரண்டு சன் வைசர்களிலும் தனித்தனியாக மாட்டும் ஜோடி விளக்கும் வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்கும். ஒரே கூட்டுக்குள் இருக்கும் ஒரே விளக்கை வாங்கினால் சாலையோரத்தில் நின்று விளக்கம் சொல்லும் தொல்லை இல்லை.

விளக்கை உங்கள் காரில் வைக்கலாம். ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினரின் காரிலும், உங்களுக்குப் பங்குள்ள அல்லது நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வண்டியிலும் வைக்கலாம். ஆனால் அதை எரியவிடும் உரிமை உங்களுக்கு மட்டும்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளை அதே காரை எடுத்துப் போகிறான் என்றால் விளக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது. விளையாட்டாக ஒருமுறை சுவிட்சைத் தட்டினால் பதில் சொல்ல வேண்டியது நீங்களும் உங்கள் சீஃபும்.

எப்போது எரியவிடலாம்? அவசரப் பணியின்போது மட்டும். அழைப்புக்குப் போகும்போதும், சம்பவ இடத்தில் வேலை செய்யும்போதும். திரும்பி வருவது அவசரப் பணியில் சேராது என்று 114-பி பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பாதி வழியில் "திரும்பிப் போங்கள்" என்று ரேடியோவில் வந்தால், அந்த நொடியே விளக்கு அணைய வேண்டும். பயிற்சி நாளுக்கும் மாதாந்திரக் கூட்டத்துக்கும் போகும்போது அதைத் தொடவே வேண்டாம்.

முதலில் கடிதம்

கடைக்குப் போகும் முன் சீஃபிடம் போங்கள். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் விளக்கைப் பொருத்துவதே தவறு. "சீஃப் சரின்னு சொன்னார்" என்பது செல்லாது. கொடுத்த சீஃபோ அவருக்குப் பின் வருபவரோ எந்த நேரமும் அனுமதியை ரத்து செய்யலாம். காரணம் கேட்டு மல்லுக்கட்ட இது உரிமையல்ல, சலுகை. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் தீயணைப்புத் துறைகள் தங்கள் உள்விதியில் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தகுதிகாண் காலம் முடிந்திருக்க வேண்டும், வாகன ஓட்டுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கும் இடங்கள் உண்டு. சில இடங்களில் நீல விளக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது சீஃபின் விருப்பம்.

கடிதத்தில் உங்கள் பெயர், துறையின் பெயர், காரின் தயாரிப்பும் மாடலும், நம்பர் பிளேட் எண், "ஒரு நீல விளக்கு" என்ற சொல், தேதி, சீஃபின் கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே அச்சில் அவர் பெயர் இவ்வளவும் இருக்கட்டும். வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால் இரண்டையும் எழுதி வாங்குங்கள். அசல் க்ளவ் பாக்ஸில், ஒரு நகல் துறையின் கோப்பில், ஒரு படம் போனில். கார் மாறினாலும் சீஃப் மாறினாலும் புதுக் கடிதம் வாங்கிவிடுங்கள். பழைய கடிதத்தைக் காட்டி வாதாடுவதைவிட ஐந்து நிமிட வேலை அது.

அதே வாரத்தில் கார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடமும் சொல்லிவிடுங்கள். அழைப்புக்குப் போகும் வழியில் உங்களுக்குக் காயம் பட்டால் தன்னார்வத் தீயணைப்பு வீரர் நலச் சட்டம் கைகொடுக்கும். நொறுங்கிய பம்பருக்கு அது பொறுப்பல்ல.

எந்த விளக்கு

இணையக் கடைகளில் "தன்னார்வலர் விளக்கு" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது நீலமும் வெள்ளையும் கலந்த விளக்கு. பார்க்க எடுப்பாக இருக்கும். நியூயார்க்கில் உங்கள் சொந்தக் காருக்கு அந்த வெள்ளை ஆகாது. நீலமும் சிவப்பும் மாறி மாறி வருவது அதைவிட மோசம். பார்ப்பவர்கள் போலீஸ் என்று நினைப்பார்கள், போலீஸும் அப்படித்தான் நினைக்கும். முழுக்க நீலமாக வாங்குங்கள். விற்பவர் "எல்லா மாநிலத்திலும் சட்டப்படி செல்லும்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விளக்கு கிடையாது.

தர முத்திரையையும் பாருங்கள். ஒரு திசையில் பளிச்சிடும் விளக்குக்கு எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த தரமான ஜே595, சுற்றிலும் தெரிவதற்கு ஜே845. இரண்டிலும் முதல் வகுப்பு என்பது பிரகாசமானது. முத்திரை இல்லாத மலிவு விளக்கு இரவில் கண்ணைக் கூசவைக்கும், நண்பகல் வெயிலில் எரிகிறதா என்றே தெரியாது. அதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: உள்ளே இருக்கும் எல்.இ.டி. டிரைவர் சர்க்யூட் ரேடியோ இரைச்சலை உமிழும். விளக்கைப் போட்டதும் பேஜரில் கரகரப்பு கூடுகிறதா, கையடக்க ரேடியோவில் தூரத்துக் குரல் மங்குகிறதா என்று வாங்கிய அன்றே சோதியுங்கள். கூடினால் மின்கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டிப் பார்க்கலாம், ஆன்டெனா கம்பியிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கலாம். தீரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகவரியைக் கேட்கவிடாத விளக்கால் என்ன பயன்?

கூரையில் காந்தத்தால் ஒட்டும் விளக்கு எல்லாப் பக்கமும் தெரியும் என்பது உண்மை. ஆனால் 2015 மாடலிலிருந்து ஃபோர்ட் எஃப்-150-யின் உடல் அலுமினியம், காந்தம் ஒட்டாது. கண்ணாடிக் கூரையிலும் ஒட்டாது. ஒட்டும் கூரையிலும் அடியில் மணல் துகள் இருந்தால் பெயின்ட் கீறும். கதவு ரப்பருக்கு இடையே கம்பி நசுங்கி, அந்த இடுக்கு வழியாக மழைநீர் உள்ளே வரும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றில் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழவும் கூடும். ஆகவே பெரும்பாலோருக்கு டாஷ் விளக்கே போதும்.

பொருத்துவது

டாஷ் விளக்கைப் பலரும் பயணி பக்கம் நடுவாக்கில் வைத்துவிடுகிறார்கள். பயணி ஏர்பேக் பெரும்பாலான கார்களில் டாஷின் மேல்பலகை வழியாகத்தான் வெடித்து எழும். மேலே இருக்கும் விளக்கு அந்த நேரத்தில் எறிகல். ரியர்வியூ கண்ணாடிக்கு நேர் கீழே, ஏர்பேக் மூடிக்கு வெளியே, சாலையை மறைக்காத உயரத்தில் இடம் பாருங்கள்.

கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு கப் என்றால், ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்ட பிறகு அழுத்துங்கள். நியூயார்க் குளிரில் ரப்பர் விறைத்து, ஜனவரி காலையில் விளக்கு டாஷில் விழுந்து கிடக்கும். குளிர்காலத்துக்குப் பிராக்கெட்டில் திருகி வைப்பதே மேல்.

அடுத்தது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி. இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். விளக்கின் மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு பளிச்சும் கண்ணாடியில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும். பகலில் தெரியாது. இரவில், கண்ணாடிக்கு உள்ளே லேசான தூசிப் படலம் இருந்தால், நீலப் புகை போல் ஒரு திரை விநாடிக்குப் பலமுறை வந்து போகும். அதற்கு அப்பால் கறுப்புக் கோட்டு போட்டு நடப்பவர் கண்ணுக்கு அகப்பட மாட்டார். விளக்கோடு வரும் கறுப்பு மூடாக்கு கண்ணாடியை முழுக்கத் தொடும்படி வளைத்து வையுங்கள். மிச்ச இடைவெளியைக் கறுப்பு நுரைப்பட்டையால் அடையுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தை மாதம் ஒருமுறையாவது துடையுங்கள். பிறகு இருட்டான கராஜில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முகத்தில் நீலம் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பனி கொட்டும் இரவில் மூடாக்கு சரியாக இருந்தாலும் வெளியே விழும் பனித்துகளில் பட்டு ஒளி திரும்பும். அப்போது மெதுவான பளிச்சு முறைக்கு மாற்றுங்கள், அதுவும் தொல்லையாக இருந்தால் அணைத்துவிட்டுப் போங்கள். அணைத்தால் குற்றமில்லை.

மின்சாரம் எளிது. 30 வாட் விளக்கு 12.8 வோல்ட்டில் சுமார் 2.3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸும் 18 கேஜ் செம்புக் கம்பியும் போதும். பழைய 55 வாட் ஹாலஜன் சுழல் விளக்கு என்றால் 4.3 ஆம்பியர் வரும், அதற்கு 7.5 ஃபியூஸ். சிகரெட் லைட்டர் பிளக்கில் செருகிப் பயன்படுத்துபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சுருள் கம்பி கியர் லீவரிலோ பிரேக் மிதியருகிலோ தொங்கக் கூடாது. இன்னொன்று, சில கார்களில் அந்த சாக்கெட் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும்: இரவு முழுக்க விளக்கு எரிந்தால் 10 மணி நேரத்தில் 23 ஆம்பியர்-மணி போய்விடும். குளிரில் சோர்ந்த பேட்டரிக்கு அடுத்த நாள் காலை வண்டியைக் கிளப்ப அது மிஞ்சாது.

நிரந்தரமாகக் கம்பி இழுப்பதாக இருந்தால்:

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதற்கு முன், மல்டிமீட்டரால் ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஏர்பேக், பிரேக், எஞ்சின் சம்பந்தப்பட்ட ஃபியூஸ்கள் பக்கம் போக வேண்டாம்.
2. முனையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு கம்பிக்கு மின்சாரம் பிரித்தெடுக்கும் செருகி) செருகுங்கள். ஒரு பள்ளத்தில் பழைய ஃபியூஸ், இன்னொன்றில் உங்கள் 5 ஆம்பியர்.
3. எர்த் கம்பியை உடல் உலோகத்தில் உள்ள ஒரு போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். விளக்கு மங்கலாகவோ தாறுமாறாகவோ எரிந்தால் பத்தில் எட்டுமுறை குற்றவாளி இந்த எர்த்தான்.
4. கம்பியை டாஷின் அடியோடு கொண்டுபோங்கள். முன்கண்ணாடித் தூணுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் மடிந்திருக்கும். அதன் முன்னால் கம்பியைச் செருகினால் விபத்தில் அது விரிவதைத் தடுக்கும். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, கை வைக்காதீர்கள்.
5. சுவிட்சு பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில் இருக்கட்டும். பளிச்சு முறையை வீட்டிலேயே தேர்ந்து வையுங்கள், ஓடும்போது மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

சாலையில்

1104-ஆவது பிரிவு சில வாகனங்களுக்குச் சிவப்பு சிக்னலைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் சலுகை தருகிறது. அது அங்கீகரிக்கப்பட்ட அவசர வாகனங்களுக்கு. நீல விளக்கு வைத்த கார் அந்தப் பட்டியலில் இல்லை. நிறுத்தப் பலகையில் நிற்க வேண்டும், சிவப்பில் காத்திருக்க வேண்டும், வேக வரம்புக்குள் ஓட்ட வேண்டும், ஒருவழிப் பாதையில் எதிரே போகக் கூடாது. சிவப்பு விளக்கு போட்டு நிற்கும் பள்ளிப் பேருந்தை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தாண்டக் கூடாது. நியூயார்க்கில் நடுவில் தடுப்புள்ள சாலைக்கும் இதே விதி.

எதிரே வருபவரின் கடமை என்ன? மாநில ஓட்டுநர் கையேடு சொல்வது: வழிவிடக் கட்டாயமில்லை, ஆனால் பாதுகாப்பாக முடிந்தால் மரியாதைக்காக விடுங்கள். ஆகவே விடாமல் போகிறவர் மேல் உங்களுக்குக் கோபிக்க உரிமையில்லை. ஹார்ன் அடிப்பது, பம்பரில் ஒட்டுவது, ஹெட்லைட்டைத் தட்டுவது எல்லாம் உங்கள் துறைக்கு வரும் புகாரில்தான் முடியும்.

சிக்னலில் நிற்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு கார், சிவப்பில் நிற்கிறது. உங்கள் நீலம் அவர் கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருக்கிறது. பதறுகிறார். போலீஸா, ஆம்புலன்ஸா தெரியாது. "நகரச் சொல்கிறார்கள்" என்று எண்ணிச் சந்திக்குள் நுழைகிறார், குறுக்கே பச்சையில் வரும் லாரி. உங்கள் விளக்குதான் அவரைத் தள்ளியது. இதைத் தவிர்க்க வழி எளிது: முன்னால் வண்டி நின்றால் விளக்கை அணையுங்கள், பச்சை விழுந்து நகரத் தொடங்கியதும் போடுங்கள்.

வேகத்தின் கணக்கையும் பாருங்கள். 3 மைல் தூரத்தை மணிக்கு 40 மைலில் 4 நிமிடம் 30 விநாடியில் கடக்கலாம். 50 மைலில் 3 நிமிடம் 36 விநாடி. மிச்சம் 54 விநாடி, அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாவிட்டால். பூட்ஸுக்குள் கால்சட்டையை மடித்து வைத்து, கோட்டை ஒழுங்காகத் தொங்கவிட்டாலே ஃபயர் ஹவுஸில் அந்த நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். சீட் பெல்ட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை: பணியில் இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் மாரடைப்புக்கு அடுத்தபடியாகப் பல ஆண்டுகளாக இடம்பிடித்து வருவது வாகன விபத்து.

போலீஸ் நிறுத்தினால் நில்லுங்கள். "அழைப்புக்குப் போகிறேன்" என்று கையசைத்துவிட்டுப் போவது கூடாது. விளக்கை அணைத்து, கடிதத்தையும் துறை அடையாள அட்டையையும் காட்டுங்கள்.

சம்பவ இடத்தில்

சீஃப் நேராக அங்கே வரச் சொல்லியிருந்தால் மட்டும் போங்கள். மற்றபடி ஃபயர் ஹவுஸுக்கு. தீயணைப்பு லாரிகள் வந்து நிற்கும் இடத்தைத் தாண்டி, சாலைக்கு ஒரே பக்கமாக நிறுத்துங்கள். தீயணைப்புக்கு நீர் தரும் தெருக் குழாயான ஹைட்ரன்ட்டிலிருந்து 15 அடி தள்ளி. தரையில் கிடக்கும் ஹோஸ் (நீர்க்குழாய்) மேல் ஏற்றாதீர்கள், அதற்கும் தனி விதி இருக்கிறது. ஹெட்லைட்டை அணையுங்கள், எதிரே வேலை செய்பவர்களின் கண் கூசும்.

2016 நவம்பர் 1 முதல், சாலையோரம் நீலமோ பச்சையோ எரியவிட்டு நிற்கும் தன்னார்வலர் வண்டியைக் கடப்பவர்கள் வேகம் குறைத்து, முடிந்தால் ஒரு லேன் தள்ளிப் போக வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து ஓரத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும் இது பொருந்தும். ஓடும்போது உங்கள் விளக்குக்கு இல்லாத மரியாதை நிற்கும்போது கிடைக்கிறது என்பது ஒரு வேடிக்கை. அதை நம்பி லாரி வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்காதீர்கள்.

எல்லை தாண்டினால்

நியூஜெர்சியில் தீயணைப்பு, முதலுதவி, மீட்புக் குழு தன்னார்வலர்கள் எல்லோருக்கும் நீலம்தான். இரண்டு விளக்குகள் வரை வைக்கலாம். எங்கே வைப்பது என்றும் சட்டமே சொல்கிறது: ஒன்று என்றால் கூரையின் நடுவிலோ, முன்கண்ணாடிப் பகுதியிலோ, ஹெட்லைட் உயரத்தைத் தாண்டாமல் வண்டியின் முகப்பிலோ. அடையாள அட்டை கட்டாயம். முக்கியமான வேறுபாடு, அங்கே மற்ற ஓட்டுநர்கள் அவசர வாகனத்துக்கு விடுவது போலவே நீல விளக்குக்கும் வழி விட்டாக வேண்டும். எடிசனிலும் அக்கம்பக்கத்திலும் கார் ஓட்டும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது: பின்னால் நீலம் தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். தன்னார்வலரும் சிக்னல் உட்பட எல்லா விதிக்கும் கட்டுப்பட்டவரே.

பென்சில்வேனியாவில் ஒருவருக்கு ஒரு வண்டி, அதில் அதிகபட்சம் இரண்டு நீல விளக்குகள். சீஃப் கையெழுத்திட்ட பெயர்ப்பட்டியல் அருகிலுள்ள மாநிலப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆளைத் தேடும் மோப்ப நாய் வளர்ப்பவர்களுக்கும் அங்கே இந்த விளக்கு உண்டு. கனெக்டிகட் நியூயார்க்கைப் போல: தீக்கு நீலம், ஆம்புலன்ஸுக்குப் பச்சை. மாசசூசெட்ஸில் தலைகீழ். அங்கே நீலம் போலீஸுடையது. தீயணைப்பு வீரருக்கு வாகனப் பதிவாளரின் பெர்மிட்டோடு சிவப்பு. பாஸ்டனுக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது விளக்கைக் கழற்றி டிக்கியில் வையுங்கள், குறைந்தது உறையாவது போடுங்கள்.

கனடாவின் ஒன்டாரியோவில் தன்னார்வத் தீயணைப்பு வீரரின் விளக்கு பளிச்சிடும் பச்சை. அதுவும் நியூயார்க் நீலம் போல விதிவிலக்கு எதுவும் தராத கோரிக்கை விளக்கு. டொரன்டோவை விட்டு வடக்கே, விடுமுறைக் குடில்கள் நிறைந்த ஏரிகள் பக்கம் போகும்போது பின்கண்ணாடியில் பச்சை மின்னினால் தயங்காமல் ஓரம் கட்டுங்கள்.

துறையை விட்டு விலகினாலோ காரை விற்றாலோ விளக்கு அன்றே இறங்க வேண்டும். விற்கும்போது விளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ஃபியூஸ் டேப்பையும் பிடுங்கி, பழைய ஃபியூஸை அதன் இடத்தில் திருப்பிச் செருகி, டாஷுக்கு அடியில் முனை மூடாமல் தொங்கும் கம்பியையும் உருவிவிடுங்கள்.